இரண்டு பொய்க்கால்கள்

‘சைபீரியா’ என்னும் கணினிக் கதை விளையாட்டின் மூன்றாம் பாகத்தைக் குறித்து நமது அபிப்பிராயத்தை எழுதவேண்டுமென்று அன்பர்கள் சிலர் கேட்டு நெடுநாளாயிற்று. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த அதனை நாம் அவ்வாண்டிலேயே ஆடி முடித்துவிட்டோம். அப்படியிருந்தும் எழுதாமலிருந்ததற்குக் காரணம் சோம்பலன்று, மனவருத்தமே. நமக்கு மிகவும் வேண்டிய ஒருவர் மேடையேறித் தடுமாறிவிட்டால், கூட்டம் கலைந்து வீடு வந்து சேர்ந்த பின்னுங்கூட அதைப் பற்றிப் பேச நா எழுவதில்லை. எனினும் ஆண்டுகள் பல கழிந்தும் அவ்வருத்தம் தணியாமலிருக்கிறபடியால், அதன் காரணத்தை ஆராய்ந்து பார்ப்பது நல்லதெனத் தோன்றுகிறது.

இலக்கியப் பகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து லயங்களில், மண்ணெண்ணெய் விளக்கடியில், பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்ட காலத்தை நமது பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேதாளம் ஒரு கதையைச் சொல்லும். அக்கதையின் வயிற்றிலிருந்தே ஒரு வினாவை எடுத்துப் போடும். விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை வெடித்துவிடும். அரசன் வாய் திறக்குமுன்னரே கேட்டிருந்தவர்கள் தத்தம் விடையைச் சொல்லிச் சண்டையிடுவார்களாம். புதிர்க் கதை விளையாட்டு என்பது இதுவேயன்றி வேறன்று. அரசனுடைய இடத்தில் நாம் உட்காருகிறோம். விடை சொன்னாலன்றிக் கதை ஓர் அடியும் நகராது. வேதாளத்தின் வினா கதையிலிருந்து பிறந்த வினாவாதலால் இன்றும் நிற்கிறது. கதையை நிறுத்திவிட்டு, நூற்றிருபத்தேழை ஏழாற் பெருக்கு என்று அது கேட்டிருந்தால் அந்நூல் இத்தனை காலம் பிழைத்திருக்குமா? இந்த ஓர் அளவுகோலை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

‘சைபீரியா’வைப் படைத்தவர் பெனுவா சோகால் என்னும் பெல்ஜியம் நாட்டுச் சித்திரக்காரர். 1954-இற் பிறந்தவர். சித்திரக் கதைகளாற் புகழ் பெற்று, பின்னர் கணினிப் பக்கம் வந்து, 1999-இல் ‘அமெர்சோன்’ என்னும் விளையாட்டையும், 2002-இல் மைக்ரோய்ட்ஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் வாயிலாக ‘சைபீரியா’வையும் தந்தார். இரண்டாம் பாகம் 2004-இல் வந்தது. மூன்றாவது வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

முதற் பாகத்தை நாம் அறிந்தது சிங்கப்பூரில். பள்ளி விடுமுறைக்கு ஜொகூர் தோட்டத்திலிருந்து மாமா வீட்டுக்கு வருவது வழக்கம். மாமாவின் வீடு தேக்காச் சந்தைக்கு மேலேயுள்ள பஃபலோ சாலை அடுக்குமாடியில். அங்கிருந்து ரோச்சோர்ப் பக்கமாகச் சிறிது நடந்தால் சிம் லிம் சதுக்கம். 1987-இற் கட்டப்பட்ட அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் அக்காலத்தில் கணினி, கம்பி, விசைப்பலகை, வட்டு என்று கிடைக்காத பொருளில்லை. பேரம் பேசத் தெரியாதவன் உள்ளே போய்த் தப்பி வருவதுமில்லை. மாமா மகன் எங்கேயோ பேரம் பேசி வாங்கி வந்த வட்டுத்தான் நமக்கு ‘சைபீரியா’வின் வாசலைத் திறந்தது.

கதை இது. கேட் வாக்கர் என்பவள் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலை செய்யும் இளம்பெண். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வலாடிலேன் என்னும் சிற்றூரில் வோரால்பெர்க் குடும்பத்தாரின் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது. சாவி கொடுத்தால் நடக்கும், எழுதும், மணியடிக்கும் இயந்திர மனிதர்களைச் செய்கிற ஆலை. அதனை ஒரு பெரிய பொம்மைக் கம்பெனி விலைக்கு வாங்கப்போகிறது. உரிமைக்காரியான கிழவி அன்னாவிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டின் வேலை. அவள் வந்து சேரும் நாளில், மழையில், இயந்திர மனிதர்கள் நடத்திச் செல்லும் பிண ஊர்வலம் எதிரே வருகிறது. பெட்டிக்குள் இருப்பவள் அன்னா. சரி, கையெழுத்து வேண்டாம் என்று திரும்பலாமென்றால், இறந்துபோனதாக ஊரார் நம்பியிருந்த தம்பி ஹான்ஸ் உயிரோடிருப்பதாகவும், அவனே வாரிசு என்றும் தெரிகிறது. கேட் அவனைத் தேடிக் கிழக்கே போகிறாள்.

தோட்டத்தார் இதைப் படிக்கையில் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கேட் வாக்கர் யார்? அவள் ஒரு கிராணி. எங்கோ இருக்கும் துரைமாருக்காக, எவனோ உழைத்து உருவாக்கிய இடத்தை இன்னொருவன் கைக்கு மாற்றும் காகிதத்தைச் சுமந்து வருபவள். அவளிடம் துப்பாக்கியில்லை, தெய்வபலமில்லை, பையில் ஒரு கைத்தொலைபேசியும் ஒரு காகிதக் கட்டும் இருக்கின்றன. அத்தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. மேலதிகாரி, ‘காரியம் முடிந்ததா?’ என்கிறார். மணஞ்செய்யப்போகிறவன், ‘விருந்துக்கு எப்போது வருவாய்?’ என்கிறான். தாயார் தன் காரியத்தைப் பேசுகிறாள். பேனா பிடித்து வயிறு வளர்க்கும் நம்மைப்போன்றவர்களுக்குக் கதாநாயகராகும் பாக்கியம் இலக்கியத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை. கிராணி என்றால் கணக்கில் கள்ளம் செய்பவனாகவோ, துரைக்குக் கோள் சொல்பவனாகவோதான் நமது நாடகங்களில் வருவான். (பழி முழுவதும் பொய்யென்று நாம் சத்தியம் செய்யவரவில்லை.) ஆகவே கேட்டை நாம் உடனே நம்மவளாக ஏற்றுக்கொண்டோம்.

இனிப் புதிர்களுக்கு வருவோம். ஆலையில் ஆஸ்கர் என்னும் இயந்திர மனிதன் கிடக்கிறான். ஹான்ஸ் அமைத்த ரயிலை ஓட்டவேண்டியவன் அவனே. ஆனால் அவனுக்குக் காலில்லை. கால் செய்து கொடுத்தாலன்றி ரயிலுமில்லை, பிரயாணமுமில்லை. எப்படிச் செய்வது? ஆலை நின்றுபோயிருக்கிறது, ஆதலால் முதலில் நீர்ச்சக்கரத்தை ஓடவிடவேண்டும். பிறகு துளையிட்ட அட்டையை உரிய பொறியிற் செருகவேண்டும். தக்க மரத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். பொறி கடைந்து கால்களைத் தள்ளும். ஆஸ்கர் எழுந்து நிற்பான். நின்றவுடன் நன்றி சொல்லிக் காலில் விழமாட்டான். ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ‘சீட்டு எங்கே? வெளியேற அனுமதிப் பத்திரம் எங்கே? முத்திரை எங்கே?’ என்று கேட்பான்! சற்றுமுன் நாம் கால் கொடுத்தவன்! இந்த இடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். செய்ந்நன்றி கருதிக் கடமையில் தளராத அந்த மரக்கட்டையை, சிபாரிசுக் கடிதமின்றி ஒரு காரியமும் நடவாத ஊர்களிற் பிறந்த நாம் எப்படி நேசியாதிருப்போம்?

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இளமையில் தோட்டத்து ஆலையில், ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாய் அழுத்தும் உருளைகளோடு இருபது வருஷம் பாடுபட்டவர். பிள்ளைகள் இருவரும் நீர்ச்சக்கரம் ஓடாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பாயிற் படுத்திருந்தவர் எழுந்துவந்து திரையைப் பார்த்தார். “தம்பி, சக்கரத்தைப் பார்க்காதே. தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாரு” என்றார். பார்த்தோம். நெம்புகோல் கண்ணிற் பட்டது, சக்கரம் சுழன்றது. அன்று தொடங்கி அவ்விளையாட்டு அவருடையதாயிற்று. பேச்சை நாம் தமிழிற் சொல்லுவோம். பொறியை அவர் படிப்பார். பூட்டென்றால் அதற்கொரு திறவுகோல், ரயிலென்றால் நிலையத்துக்கு நிலையம் சாவி, நீரென்றால் அதற்கொரு வழி. ஒவ்வொன்றும் தான் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே இருந்தது. மந்திரமில்லை, தந்திரமில்லை, அருள்வாக்கில்லை. உற்றுப் பார்த்தவனுக்கு உண்மை புலப்படும் என்கிற ஒரே சட்டம். எழுத்தறியாத தொழிலாளியின் அறிவும் ஆங்கிலம் படித்த பிள்ளையின் அறிவும் அத்திரையின் முன்னே சரிநிகராய் உட்கார்ந்தன. பகுத்தறிவைப் பற்றி மேடைகளில் நாம் கேட்ட பிரசங்கங்கள் பல. அந்த விடுமுறையில் அது நடந்ததைக் கண்ணாற் கண்டோம்.

ரயில் கிழக்கே போகிறது. பாரக்ஸ்டாட் பல்கலைக்கழகம், கொம்கொல்ஸ்கிராட் என்னும் கைவிடப்பட்ட சுரங்க நகரம், அரல்பாட் என்னும் பாழடைந்த சுகவாச ஊர். ஒவ்வோரிடத்திலும் ஒரு காலத்தில் ஏதோ பெரிதாய் நடந்திருக்கிறது. இப்போது காவற்காரர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். கொம்கொல்ஸ்கிராட்டின் நிர்வாகி, தான் வழிபடும் ஒரு பாடகியின் கச்சேரிக்காக ஆஸ்கரின் கைகளைத் திருடிக்கொள்கிறான். கால் பெற்றவன் கையை இழக்கிறான்! இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. ஆனால் முடிவைச் சொல்லாமல் விடலாகாது.

அரல்பாட்டில் ஹான்ஸ் வந்து சேருகிறான். சிறு பிராயத்தில் விழுந்து அடிபட்டு, உடலும் பேச்சும் குழந்தையினதாய் நின்றுபோன கிழவன். இயந்திரம் செய்வதில் மேதை. சைபீரியாவில் மாமத யானைகள் இன்னும் உயிரோடிருக்கின்றன என்று நம்பி அவற்றைக் காணப் புறப்பட்டவன். கேட் காகிதத்தை நீட்டுகிறாள். அவன் மறுப்புச் சொல்லாமற் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறான். காரியம் முடிந்தது. விமானம் காத்திருக்கிறது. கிராணி தன் வேலையைத் திறம்பட முடித்துவிட்டாள். நாலடி நடக்கிறாள். பின்பு திரும்பி, புறப்படும் ரயிலை நோக்கி ஓடுகிறாள்.

அந்த ஓட்டத்துக்கு நிகரான ஒரு காட்சியைக் கணினித் திரையில் நாம் இன்றளவும் கண்டதில்லை. காரணம் வெளிப்படை. ஒரு கையெழுத்தில் எத்தனை பேருடைய வாழ்வு அடங்கியிருக்கிறதென்பதை நம்மவர் அறிவர். மலாயாவில் 1950-களிலும் அதன் பின்னரும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். பல தலைமுறையாய் வாழ்ந்த லயத்திலிருந்து குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு வெளியேறின. அதைக் கண்டுதான் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, பாட்டாளிகளின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முற்பட்டார். அந்த விற்பனைப் பத்திரங்களைத் தட்டச்சுச் செய்த கிராணிகள் எத்தனை பேர்! அவர்களில் எவனாவது நாலடி நடந்து திரும்பிப் பார்த்தானா? நாமும் அத்தகைய காகிதமொன்றை ஒரு நாள் பிரதியெடுத்துக் கோப்பில் வைத்ததுண்டு, திரும்பி ஓடவில்லை. எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்பது இங்கு வேண்டாம்.

இரண்டாம் பாகத்தை விரைந்து சொல்லிவிடுகிறோம். பனிப் பிரதேசம், ரயிலைத் திருடும் இரு முரடர்கள், நோயுற்ற ஹான்ஸை வெளியே விட மறுக்கும் ஒரு மடாலயத்துத் தலைவர். (மடாதிபதிகளை நன்கறிந்த நமது வாசகர்களுக்கு இப்பகுதி மிகவும் பிடிக்கும்.) பிறகு யூக்கோல் என்னும் பனிநாட்டு மக்கள். முதுமையால் நடக்கவியலாத ஹான்ஸுக்காக ஆஸ்கர் தன் உடலையே திறந்து கவசமாய் ஈந்து மறைகிறான். மாமத யானைகள் வருகின்றன. ஹான்ஸ் ஒன்றின் முதுகிலேறிப் போய்விடுகிறான். கேட் தனியே நிற்கிறாள். கதை முடிந்தது. முதற் பாகத்தின் நயம் இதில் ஓரளவு குறைவென்றாலும், கணக்கு நேர் செய்யப்பட்டுவிட்டது, பாக்கி ஒன்றுமில்லை.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். இனி அவள் என்ன செய்வாள்? தொழிற்சாலையை விற்ற காகிதம் என்னவாயிற்று? வேலையையும் ஊரையும் விட்டு ஓடிய ஒரு கிராணி, பின்தொடர்ந்து வந்த கிழவனும் போனபின் எதற்காக வாழ்வாள்? இந்த வினாவுக்காகத்தான் நாம் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தோம்.

மூன்றாம் பாகம் இவ்வாறு தொடங்குகிறது. பனியிற் சாகக் கிடந்த கேட்டை யூக்கோல் மக்கள் கண்டெடுக்கிறார்கள். வால்செம்போர் என்னுமிடத்து மருத்துவமனையிற் கண் விழிக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் குர்க் என்னும் யூக்கோல் இளைஞன். தன் மக்களைப் பனித் தீக்கோழிகளோடு புனித மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துச் செல்லவேண்டிய வழிகாட்டி அவன். அவனுக்கு ஒரு கால் இல்லை. ஒரு மருத்துவப் பெண்மணியும் ஒரு படை அதிகாரியும் இவர்களுடைய நாடோடி வாழ்வை நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். கேட் அவர்களைத் தப்புவிக்கவேண்டும்.

இதைக் கேட்டவுடன் நமது உள்ளம் எப்படித் துள்ளியிருக்கும்! கால் கொடுப்பதிலே தொடங்கிய கதை, மறுபடியும் கால் கொடுப்பதற்கு வந்திருக்கிறது. முன்னே மரத்தாலான மனிதனுக்கு, இப்போது சதையும் இரத்தமுமான மனிதனுக்கு. அதிலும் இடம்விட்டு இடம் போகும் மக்கள், அவர்களை நிறுத்திவைக்கும் அதிகாரம், காயமுற்ற வாலிபன்! சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடப்பவருக்கு இவை கட்டுக்கதையல்ல. தமிழகத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து, கையோ காலோ முறிந்து, வேலையுமின்றி ஊருக்குப் போகவும் வழியின்றி வழக்கு முடிவுக்காகக் காத்திருப்போர் எத்தனை பேர் இத்தெருக்களில் இருந்திருக்கிறார்கள்! அத்தகையோருக்கு இலவசமாகச் சோறு போடுவதற்கென்றே இங்குள்ள தொண்டர் சங்கமொன்று 2008-இல் கஃப் சாலையில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. அந்தத் தட்டுகளுக்கு முன்னே அமர்ந்த ஒருவனைக் கதாநாயகனாக்க எந்த எழுத்தாளனும் முன்வரவில்லையே என்று நாம் ஏங்கியதுண்டு. சோகால் முன்வந்துவிட்டார் என்றே எண்ணினோம்.

எண்ணியது நடக்கவில்லை. கடிகாரக்காரர் ஸ்டைனர் என்னும் முதியவரின் துணையால் குர்க்குக்குப் பொய்க்கால் கிடைக்கிறது. கிடைத்தபின் அவன் என்ன ஆனான்? கதையின் நடுவிலிருந்து நழுவி ஓரத்துக்குப் போய்விட்டான். ஆஸ்கர் கால் பெற்றவுடன் சீட்டுக் கேட்டான்; கேட்டதனால் அவன் ஆளானான். குர்க் கால் பெற்றவுடன் நன்றியுடையவனாகிறான், அதனால் பொருளாகிறான். மரப்பொம்மைக்கு உரிமையும் பிடிவாதமும் கொடுத்த அதே கை, மனிதனுக்கு அவற்றைக் கொடுக்க மறந்தது. இதுதான் நமது முதன்மையான குற்றச்சாட்டு. மற்றவையெல்லாம் இதன் கிளைகள்.

யூக்கோல் மக்கள் முழுவதற்கும் இதே கதிதான். கூட்டமாய் நிற்கிறார்கள், தீக்கோழிகளை மேய்க்கிறார்கள், குறிசொல்லும் மூதாட்டி ஒருத்தி வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார்கள். கப்பல் பிடிக்கவேண்டுமா? கேட். பாதை திறக்கவேண்டுமா? கேட். அதிகாரியோடு பேசவேண்டுமா? கேட். நூறாண்டுகளாய் அப்பனியிற் பாதை கண்டு வாழ்ந்தவர்களுக்கு ஒரு கதவின் தாழ்ப்பாளைத் தள்ளத் தெரியாதாம்! தொழிலாளருக்கு ஒன்றும் தெரியாது, மேலிருந்து ஒரு நல்லவர் வந்துதான் கரையேற்றவேண்டும் என்னும் பழைய பாட்டை நாம் தோட்டத்திலேயே போதுமான அளவு கேட்டாயிற்று. முதற் பாகத்தின் கேட் எதையும் அறியாதவளாய் வந்து, பொறிகளிடமும் அங்குள்ளோரிடமும் கற்றுக்கொண்டாள். மூன்றாம் பாகத்தின் கேட் மீட்பராய் வருகிறாள். கற்றுக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை; ஆகவே நமக்கும் ஒன்றுமில்லை.

புதிர்களைப் பார்ப்போம். முன்னே, ஒரு நெம்புகோல் தேவை என்று கண்டுகொண்டால் போதும்; தொட்டவுடன் நடக்கும். இப்போது எதையும் கையாற் செய்வதுபோலப் பாவனை செய்யவேண்டும். திருகாணியைக் கழற்றச் சுட்டியை வட்டமாய்ச் சுழற்று. சாவியைத் திருக இழுத்துப் பிடித்து வளை. தாழ்ப்பாளைத் தள்ள இப்பக்கம் நகர்த்து. என்ன செய்யவேண்டுமென்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிகிறது. அதைச் செய்விக்கத்தான் கை நோகிறது. சிந்திக்கவேண்டிய இடத்தில் சிரமத்தை வைத்துவிட்டு, இது முன்னைவிட உண்மையாயிருக்கிறது என்கிறார்கள். மூளையின் வேலையை மணிக்கட்டுக்கு மாற்றுவது முன்னேற்றமாகுமா?

மாமாவை இதற்கும் உட்காரவைத்தோம். எழுபதைத் தாண்டியிருந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆவலோடு வந்தார். அரைமணி நேரம் பார்த்தார். கேட் ஓர் அறையில் நடக்கையில் படம் திடீரென்று வேறு கோணத்துக்குத் தாவ, முன்னே போனவள் பின்னே வந்தாள். சுவரில் முட்டி நின்றாள். பேசுவோரின் வாய் ஒரு பக்கம் போகப் பேச்சு வேறு பக்கம் போயிற்று. “இது எப்படி ஓடுதுன்னு தெரியலியே தம்பி” என்றார். எந்தப் பொறி என்று கேட்டோம். பொறியைச் சொல்லவில்லை, மொத்தத்தையுந்தான் சொன்னேன் என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு, தேநீர் குடிக்கக் கீழே தேக்காவுக்கு இறங்கிப் போய்விட்டார்.

முதலிரு பாகங்கள், ஓவியன் தீட்டிய அசையாத் திரைகளின் முன்னே பாத்திரங்கள் நடமாடும் முறையில் அமைந்தவை. ஓவியன் எதை எங்கே வைத்தானோ அங்கேதான் கண் போகும். மூன்றாவது முழுவதும் முப்பரிமாணத்தில் அமைந்தது. காலம் மாறிற்று, கருவி மாறிற்று, அதனாலே தடுமாற்றம். படைத்தவர் மேற் குற்றமில்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். சோகால் இடையில் அந்நிறுவனத்தைவிட்டு விலகித் தனியே தொழில் நடத்திவிட்டுத் திரும்பியதையும், ஆண்டுக்கணக்கில் வேலை இழுபட்டதையும் நாம் மறுக்கவில்லை. படங்கள் விக்குவதையும், வாய் பொருந்தாததையும், ஆங்காங்கே விளையாட்டு அப்படியே நின்றுபோவதையும் அந்த வாதத்தின்மேல் மன்னித்துவிடலாம். ஆனால் குர்க்குக்குப் பிடிவாதம் கொடுக்காமற் போனதற்கு எந்தக் கருவி தடையாயிருந்தது? எழுதுகோல் ஒன்றுதானே தேவை?

அவ்வெழுதுகோல் இன்னொரு தவறும் செய்தது. ஆஸ்கரின் இதயப் பொறியை வேறோர் உடலிற் பொருத்தி அவனை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். ரசிகர்கள் விரும்புவார்களென்று செய்திருக்கலாம். நாமும் அவனை விரும்பியவர்களே. அவன் குரல் கேட்ட கணத்தில் மகிழ்ந்ததையும் ஒப்புக்கொள்கிறோம். மறுகணமே, தன்னுடலை ஹான்ஸுக்கு ஈந்த அந்தப் பெரிய காட்சி செல்லாக்காசாய்ப் போனதை உணர்ந்தோம். இறந்தோரை எழுப்பும் வேலையைப் புராணங்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாவி கொடுத்தால் ஓடும், கொடுக்காவிடில் நிற்கும் என்கிற நேர்மையான உலகத்துக்கு அது எதற்கு?

நல்லதையும் சொல்லவேண்டும். இனோன் சூர் அமைத்த இசை குறையற்றது. கதிரியக்கத்தால் மக்கள் கைவிட்டோடிய பாரனூர் என்னும் கேளிக்கைப் பூங்கா, துருவேறிய இராட்டினங்களோடும் யாருமில்லாத சீட்டுக் கூண்டுகளோடும் தோன்றுமிடத்தில், பழைய சோகால் ஒரு நாழிகை நேரம் திரும்பி வருகிறார். அங்கே நாம் வேண்டுமென்றே வழியைக் கண்டுபிடிக்காமற் சுற்றித் திரிந்தோம். கப்பல் தலைவன் ஓபோவின் முகத்திலும் ஒரு வாழ்க்கை தெரிகிறது. இவ்வளவு திறமையுள்ளவர்கள் என்பதாலேதான் வருத்தம் மிகுகிறது. திறமையற்றவன் தவறினால் யார் எழுதப்போகிறார்கள்?

கதையும் முடிந்தபாடில்லை. யூக்கோல் மக்கள் தப்புகிறார்கள்; கேட் பிடிபடுகிறாள்; திரை இருளுகிறது. நாம் காத்திருந்த வினா, ‘இனி அவள் என்ன செய்வாள்?’ என்பது, கேட்கப்படாமலே போயிற்று. அவளைத் தேடிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து ஒரு துப்பறிவோன் வருகிறான். பழைய அலுவலகத்தின் நிழல் மறுபடி விழுகிறது. விற்ற ஆலையின் கணக்கு இப்போதாவது பேசப்படும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த நூலும் பாதியிலேயே அறுந்துவிட்டது.

சோகால் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். அவர் தொடங்கிவைத்த நான்காம் பாகம் 2022-இல் வெளிவந்தது. கேட் ஓர் உப்புச் சுரங்கத்திற் கைதியாய்த் தோண்டிக்கொண்டிருக்கையில் அது தொடங்குகிறது. மீட்பர் வேஷம் கலைந்து, அவள் மறுபடியும் ஒன்றுமறியாதவளாய், தன்னையறியத் தேடிப் போகிறாள். 1937-ஆம் ஆண்டில் வாழும் டானா ரோஸ் என்னும் இளம்பெண்ணின் கதையும் அதனூடே பின்னி வருகிறது. மூன்றாம் பாகத்தின் பிழைகளைப் படைத்தவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

இதற்கிடையில் ஒரு சிறு விஷயம். யூபிசாஃப்ட் என்னும் பெரிய விளையாட்டு நிறுவனம் சிங்கப்பூரில் 2008-இல் தொழிற்கூடம் திறந்தது. விளையாட்டமைக்கும் கலையைக் கற்பிக்கும் டிஜிபென் கல்லூரியும் அதே ஆண்டில் இங்கே கிளை தொடங்கிற்று. நமது பிள்ளைகளிற் பலர் இக்கலையைப் பயின்று வருகிறார்கள். ஒரு தோட்டத்து ஆலை, நின்றுபோன உருளைகள், ஒரு பெரட்டுக் களம், யாரோ விட்டுப்போன செக்ரோல் புத்தகம். இவற்றை வைத்து ஒரு புதிர்க் கதை செய்ய நீர்ச்சக்கரத்துக்குப் பெல்ஜியம் வரை போகவேண்டியதில்லை. செய்யப் புகுவோர் யாரேனும் இருப்பின், உருளைகள் எப்படி ஓடுமென்று சொல்லித்தர மாமா தயாராயிருக்கிறார். சனிக்கிழமை மாலையில் வந்தால் வீட்டிலிருப்பார்.

மூன்றாம் பாகத்தை வாங்க நினைப்பவர்கள், முதலிரண்டையும் ஆடாமல் அதைத் தொடவேண்டாம். ஆடியவர்கள், மலிவாய்க் கிடைத்தால் பாரனூருக்காக வாங்கலாம். கணினியிற் சுட்டியால் ஆடுவதைவிடக் கைப்பிடிக் கருவி வைத்து ஆடினால் திருகாணிகள் சற்றுக் குறைவாய்த் துன்புறுத்தும். முதற் பாகம் நமது பழைய வட்டில் இன்னும் ஓடுகிறது. சென்ற மாதம் தங்கை பிள்ளைகளுக்காக அதை மீண்டும் எடுத்தோம். ஆஸ்கர் கால் பெற்று எழுந்து நடந்தான், நிலையத்திற் போய் உட்கார்ந்தான், சீட்டுக் கேட்டான். சிறியவள் நம்மைத் திரும்பிப் பார்த்து, “நாமதானே அவனுக்குக் கால் கொடுத்தோம்?” என்று கோபத்தோடு கேட்டாள்.